சுருக்கும் கணக்கும் விரிக்கும் உரிமையும்

மார்கழி மாதத்து மாலை நேரம். மறுநாள் வாசலில் போட வேண்டிய கோலத்தை ஒரு பெண், அடுத்த ஊரிலிருக்கும் தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி." அவ்வளவுதான். தங்கை மறு பேச்சின்றிப் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவாள். நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, பிறகு 13 என இரு பக்கமும் 8 வரை குறைந்துகொண்டே போகும் அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் 169 வரும். 169 புள்ளிகளின் இடத்தையும் நாலைந்து சொற்களில் அடக்கி அனுப்பிவிட்டாள் அக்காள். இதே சொற்களைக் கோலமே போட்டறியாத ஒருவரிடம் சொன்னால் என்ன ஆகும்? அவர் கையில் கோலமாவு இருந்தும் பயனில்லை. சுருக்கம் பயன்பட வேண்டுமானால், சுருக்கிய விதி என்ன என்பது விரிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இணையத்தில் ஓடும் படக்காட்சிகளின் நிலையும் இதுவே. படத்தையும் ஒலியையும் சுருக்கும் கணக்கையும், அதைத் திரும்ப விரிக்கும் கணக்கையும் சேர்த்துக் 'கோடெக்' என்கிறார்கள். எந்தக் கோடெக்கைப் பொதுவாக வைத்துக்கொள்வது என்பது பொறியியலறிஞர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டிய கேள்வி. ஆனால் 2007-இல் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் உலகின் பெரிய கணினி நிறுவனங்கள் இதன்பொருட்டு மல்லுக்கு நின்றன. விதி தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்த உரிமையும் வேண்டும் என்று ஆனதே அதற்குக் காரணம்.

ஒரு நொடிக்கு 55 நிமிடம்

முதலில், ஏன் சுருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அகலவாட்டில் 640, உயரவாட்டில் 480 புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை. ஆகவே ஒரு படத்துக்கு 73,72,800 பிட்டுகள். அசைவது போலத் தோன்ற நொடிக்கு 25 படங்கள் வேண்டுமே! நொடி ஒன்றுக்கு 18 கோடியே 43 லட்சம் பிட்டுகள் ஆயிற்று. ஐந்து நிமிடத் திரைப்பாடல் ஒன்றை இப்படியே பதிவு செய்தால் அது மட்டுமே பத்துக் குறுந்தகடுகளை நிரப்பிவிடும். 1990-களின் கடைசியில் வீடுகளில் இருந்த தொலைபேசி மோடம் நொடிக்கு 56,000 பிட்டுகளை வாங்கினாலே பெரிது. அதன் வழியாக ஒரே ஒரு நொடிக் காட்சி வந்து சேர ஏறத்தாழ 55 நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த மலையைக் கடுகாக்கியதில் நம் நாட்டில் பிறந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-இல் ஓர் ஆராய்ச்சிக்கு அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பணம் கேட்டு விண்ணப்பித்தார். கருத்து மிகவும் எளிதாக இருக்கிறது என்ற எண்ணத்தில் மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தம் மாணவர் நடராஜனோடும், நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்தார். இந்த ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டதாரி. மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் வெளிவந்த கட்டுரை நான்கே பக்கம். இன்று நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் ஒளிப்படம், தொலைக்காட்சி, இணையப் படம் ஆகிய யாவற்றிலும் அந்த நான்கு பக்கத்தின் வாரிசுகள் உள்ளன.

அவர்கள் கண்டது 'கொசைன் உருமாற்றம்' என்னும் முறை. பள்ளிக் கணக்கில் வரும் அதே கொசைன்தான். படத்தை 8-க்கு 8 என 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். கட்டத்திலுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொல்லாமல், அக்கட்டத்தில் மெதுவாக ஏறி இறங்கும் அலை எவ்வளவு, வேகமாக ஏறி இறங்கும் அலை எவ்வளவு என்று சொல்லுகிறார்கள். வெள்ளைச் சுவர், நீல வானம் போன்ற இடங்களில் வேகமான அலைகள் அநேகமாக இரா. எனவே 64 எண்களில் நாலைந்தைத் தவிர மற்றவை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அவற்றை விட்டுவிடலாம். மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதுமில்லை. இதனோடு இன்னொரு உத்தியும் சேர்ந்தது. செய்தி வாசிப்பவரின் உதடும் இமையும்தாம் அசைகின்றன. பின்னாலுள்ள திரை அப்படியே இருக்கிறது. அதை நொடிக்கு 25 முறை அனுப்புவானேன்? "முன் படத்தில் இருந்ததே; இந்தக் கட்டம் மட்டும் இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது" என்று சொன்னால் போதும்.

இந்த இரண்டையும் இணைத்து 1990-இல் எச்.261 என்ற தரநிலை வந்தது. தொலைபேசிக் கம்பியில் முகம் பார்த்துப் பேசுவதற்காக ஏற்பட்டது அது. 1993-இல் எம்பெக்-1 வெளியாயிற்று. ஒரு முழுத் திரைப்படத்தை இரண்டு குறுந்தகடுகளில் அடக்கிய 'வி.சி.டி.' இதன் குழந்தை. நம் ஊர்க் கடைவீதிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய அந்தத் தகடுகளை மறந்திருக்கமாட்டீர்கள். ஒலிக்கென்று அதே எம்பெக்-1 வகுத்த மூன்றாம் அடுக்குத்தான் 'எம்.பி.3'.

அடுக்குப் பாத்திரத்தின் மாயம்

கோடெக்கைப் பற்றிப் பலரும் குழம்பும் ஓர் இடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் சூரிய கிரகணத்தைப் பற்றிய படம் ஒன்றைக் காட்டப் போயிருந்தேன். வீட்டுக் கணினியில் அழகாக ஓடிய படம். பள்ளிக் கணினியில் போட்டால் குரல் மட்டும் கணீரென்று ஒலிக்கிறது. திரை கன்னங்கரேலென்று இருக்கிறது. முன் வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சார், இதுதான் கிரகணமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கிரகணத்தைக் காணக் காத்திருந்த எழுபது பிள்ளைகள் அன்று காணாமலே எழுந்து போனார்கள்.

நடந்தது இதுதான். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எம்.பி.4, ஏ.வி.ஐ., வெப்எம் போன்றவை கோடெக்கின் பெயர்கள் அல்ல. அவை அடுக்குப் பாத்திரங்கள். 'டிபன் கேரியர்' ஒன்றின் ஓர் அடுக்கில் சோறும் மற்றோர் அடுக்கில் குழம்பும் இருப்பது போல, ஓர் அடுக்கில் சுருக்கிய படமும் இன்னோர் அடுக்கில் சுருக்கிய ஒலியும் இருக்கும். பாத்திரத்தைத் திறக்கத் தெரிந்த கணினிக்கு இரண்டு அடுக்கையும் உண்ணத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பள்ளிக் கணினிக்கு ஒலி அடுக்கின் கோடெக் தெரிந்திருந்தது. பட அடுக்கின் கோடெக் தெரியவில்லை.

1990-களின் பிற்பகுதியில் இத்தகைய கிரகணங்கள் அன்றாட நிகழ்ச்சி. ஆப்பிள் நிறுவனத்துக்குக் குவிக்டைம், மைக்ரோசாப்டுக்கு விண்டோஸ் மீடியா, இன்னொருவருக்கு ரியல் வீடியோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் இயக்கி வேண்டும். இணையத்தளம் நடத்துவோர் ஒரே படத்தை மூன்று விதமாகச் சுருக்கி வைத்து, "உங்களிடம் எது இருக்கிறது?" என்று பார்ப்பவரையே கேட்டார்கள்! எது இருக்கிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது பிளாஷ். அசையும் சித்திரங்களுக்காக மேக்ரோமீடியா நிறுவனம் செய்த இச்சிறு மென்பொருள் ஏற்கனவே பெரும்பாலான கணினிகளில் குடியேறியிருந்தது. 2002-இல் அதற்குப் படக்காட்சியை விரிக்கும் திறனும் சேர்க்கப்பட்டது. 2005-இல் தோன்றிய யூடியூப், மக்கள் எந்த வடிவில் கொடுத்தாலும் வாங்கி, அதைப் பிளாஷுக்கு ஏற்றவாறு தானே மாற்றிக் காட்டியது. அதன் வெற்றியில் பாதி இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பது என் கருத்து. அப்போது கையாண்ட கோடெக் ஒன்றும் உயர்ந்த ரகமன்று. படம் சற்று மங்கலாகவே இருக்கும். ஆனால் எல்லார் வீட்டிலும் தெரிந்தது.

வழக்கு மூள்கிறது

ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி உலகத்துப் படக்காட்சி அனைத்தும் இருப்பது முறையா என்ற கேள்வி எழாமல் இல்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் எவருடைய தயவுமின்றிக் காட்டும் உலாவி, அசையும் படத்துக்கு மட்டும் ஏன் அந்நியரை நாட வேண்டும்? 2007-இல் நார்வே நாட்டு ஓபரா நிறுவனத்தார், ஒளிப்படத்துக்கு இருப்பது போலப் படக்காட்சிக்கும் ஒரு தனிக் குறிச்சொல் வேண்டுமென்று முன்மொழிந்தனர். எச்.டி.எம்.எல். 5 என்ற புதிய வரையறையில் அது ஏற்கப்பட்டது. எல்லா உலாவிகளும் தியோரா என்ற படக் கோடெக்கையும், வார்பிஸ் என்ற ஒலிக் கோடெக்கையும் அறிந்திருப்பது நல்லது என்று வரைவில் எழுதினார்கள். இவ்விரண்டையும் யாரும் காசு கொடாமல் பயன்படுத்தலாம். தியோராவின் மூலம், ஆன்2 என்ற நிறுவனம் 2001-இல் பொதுவுக்குத் திறந்துவிட்ட வி.பி.3 என்ற கோடெக்.

நோக்கியாவும் ஆப்பிளும் மறுத்தன. 2007 டிசம்பரில் அந்த வாசகம் வரைவிலிருந்து எடுக்கப்பட்டது.

மறுத்தவர்கள் கையில் வைத்திருந்தது எச்.264. சர்வதேசத் தரநிலை அமைப்புகள் இரண்டு கூடி 2003-இல் வெளியிட்ட கோடெக் இது. டி.வி.டி.யில் இருந்த எம்பெக்-2 எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே அதே தெளிவைத் தந்துவிடும். பொறியியல் நோக்கில் பார்த்தால் அக்காலத்துச் சிகரம் என்றே சொல்லலாம். ஆனால் அதன் மேல் ஆயிரத்துக்கும் அதிகமான காப்புரிமைகள் இருந்தன. இருபதுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள். இவர்கள் சார்பில் எம்பெக் எல்.ஏ. என்ற அமைப்பு உரிமத்தொகை வசூலித்து வந்தது. விரிக்கும் கணக்கை மென்பொருளில் சேர்த்து வெளியிடுவோர் பிரதிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2010 வாக்கில் அது ஏறத்தாழ 50 லட்சம் டாலர்.

பயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். தொகையைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பயர்பாக்ஸ் கட்டற்ற மென்பொருள். அதை யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம், தம் பெயரில் பிறருக்குக் கொடுக்கலாம். மொசில்லா பணம் கட்டினாலும் அந்த உரிமம் மொசில்லாவோடு நின்றுவிடும். அதனிடமிருந்து மூலநிரலை வாங்கி, தம் நாட்டு மொழியில் மாற்றித் தருகிற ஒரு சிறு குழு எந்தப் பெட்டியைத் திறந்து பணம் கட்டும்? 'யாருக்கும் கொடுக்கலாம்' என்ற சொல்லும் 'பிரதிக்கு இவ்வளவு' என்ற சொல்லும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

ஆப்பிள் சொன்ன காரணங்களும் தள்ளத்தக்கவை அல்ல. 2007-இல் வந்த ஐபோனில் எச்.264-ஐ விரிப்பதற்கென்றே மின்சுற்று உண்டு. பொதுவான செயலியைக் கொண்டு கணக்குப் போட்டு விரித்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். தியோராவுக்கு அத்தகைய சில்லுகள் கிடைக்கவில்லை. மேலும், தியோராவின் மேல் எவரேனும் காப்புரிமையை மறைத்து வைத்திருந்து, பணமுள்ள நிறுவனம் அதைக் கையாளும்போது வெளிவந்து வழக்குத் தொடுத்தால்? இவற்றை 'நீர்மூழ்கிக் காப்புரிமை' என்றே சொல்லுவார்கள். இந்த அச்சத்தைச் சிலர் வெறும் சாக்கு என்றனர். முழுச் சாக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. முழு உண்மை என்றும் தோன்றவில்லை.

2009 நடுவில், வரையறையைத் தொகுத்து வந்த இயான் ஹிக்சன் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். எல்லாரும் ஏற்கும் கோடெக் ஒன்றும் இல்லை. ஆகவே வரையறையில் அந்த இடம் காலியாகவே இருக்கும் என்று அறிவித்தார். 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல். 5 முறைப்படி வெளியானபோதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. படத்துக்கு ஒரு குறிச்சொல் உண்டு, படத்தின் மொழி இன்னதென்று சொல்லவில்லை. விசித்திரமான சட்டம்!

2010-இல் கூகுள் களத்தில் இறங்கியது. 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஆன்2 நிறுவனத்தையே வாங்கி, அதன் புதிய கோடெக்கான வி.பி.8-ஐ அவ்வாண்டு மே மாதம் எல்லாருக்கும் திறந்துவிட்டது. வி.பி.8 படமும் வார்பிஸ் ஒலியும் அடங்கிய அடுக்குப் பாத்திரத்துக்கு வெப்எம் என்று பெயர். மூன்றே மாதத்தில் எதிர்த்தரப்பு ஒரு படி இறங்கி வந்தது: இணையத்தில் இலவசமாகக் காட்டப்படும் எச்.264 படங்களுக்கு என்றைக்குமே உரிமத்தொகை கேட்பதில்லை என்று எம்பெக் எல்.ஏ. அறிவித்தது. படம் காட்டுவோருக்கு நிம்மதி. ஆனால் உலாவி செய்வோருக்கான கட்டணம் அப்படியே இருந்தது. 2011 ஜனவரியில் கூகுள், தன் குரோம் உலாவியிலிருந்து எச்.264-ஐ நீக்கப் போவதாகச் சொன்னது. மொசில்லா மகிழ்ந்தது. மாதங்கள் போயின, ஆண்டும் போயிற்று. கூகுள் நீக்கவே இல்லை.

இதற்கிடையில் வழக்கின் தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஐபோனில் பிளாஷுக்கு இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் பகிரங்கக் கடிதமே எழுதினார். கைப்பேசியில் பார்ப்பவர்களை இழக்க விரும்பாத தளங்கள் எல்லாம் தம் படங்களை எச்.264-இல் மாற்றி வைத்தன. கைப்பேசிகளுக்குள் எச்.264 சில்லு கோடிக்கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. மென்பொருளை ஒரே இரவில் மாற்றலாம். விற்றுப்போன சில்லை யார் மாற்றுவது? 2012 மார்ச்சில் மொசில்லா கையை உயர்த்தியது. தானே கோடெக்கை வைத்துக்கொள்ளாமல், கருவியில் ஏற்கனவே உரிமம் கட்டி வைக்கப்பட்டிருக்கும் எச்.264-ஐ அழைத்துப் பயன்படுத்த முடிவு செய்தது. மனம் ஒப்பிச் செய்யவில்லை என்பதை அவர்கள் ஒளிக்கவுமில்லை. கறுப்புத் திரையைக் காணும் வாசகர் காப்புரிமைச் சட்டத்தைக் கோபிப்பதில்லை. உலாவியைத்தான் கோபித்து வேறொன்றுக்கு மாறிவிடுகிறார்.

2013 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனம் செய்த ஏற்பாடு வெகு சாமர்த்தியமானது. எச்.264-க்கு ஒரு நிரலை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது. அதைத் தானே தொகுத்து, தன் தளத்தில் வைத்தது. பயர்பாக்ஸ் தேவையானபோது சிஸ்கோவின் தளத்திலிருந்து நேரே இறக்கிக்கொள்ளும். அந்தப் பிரதி சிஸ்கோவின் பிரதி. ஆகவே உரிமத்தொகையும் சிஸ்கோவின் கணக்கில்! உலாவி வழியே முகம் பார்த்துப் பேசும் வசதிக்கு இது கைகொடுத்தது. அவ்வசதிக்கு எந்தக் கோடெக் கட்டாயம் என்ற சண்டை மறு ஆண்டு மூண்டபோது, வி.பி.8, எச்.264 இரண்டும் கட்டாயம் என்று முடித்தார்கள்.

விக்கிமீடியா காமன்ஸ் மட்டும் வளையவில்லை. எம்.பி.4 கோப்புகளை ஏற்கலாமா என்று 2014-இல் அங்கே பங்களிப்பாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. வேண்டாம் என்றே முடிவாயிற்று. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்ற முடியாமல், வெப்எம்முக்கு மாற்றித் தரும் வேலை தொண்டர்கள் தலையில் விழுந்தது. கொள்கைக்கு ஒரு கூலி உண்டு; அதைக் கொடுக்கத் துணிந்தவர்கள் அவர்கள்.

ஒலியின் வழி

படத்துக்காக இவ்வளவு அமளி நடக்கையில், ஒலி சற்று அமைதியாகவே தன் வழியைக் கண்டது. எச்.264 படத்தோடு ஏ.ஏ.சி. என்ற ஒலிக் கோடெக் சேர்ந்து எம்.பி.4 பாத்திரத்தில் வருவது வழக்கமாயிற்று. 2012-இல் ஓபஸ் என்ற திறந்த கோடெக் இணையத் தரநிலையாக வெளிவந்தது. பேச்சு, இசை இரண்டையும் குறைந்த இடத்தில் அடக்குவதில் அதற்கு நிகரானவை சிலவே. எம்.பி.3-க்கு உரிமம் வழங்கி வந்த திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது; காப்புரிமைகளின் காலம் தீர்ந்துவிட்டது. பாட்டுக் கேட்டவர்களில் ஒருவருக்கும் அன்று எந்த மாறுதலும் தெரிந்திராது.

எச்.264-க்குப் பின் 2013-இல் வந்த எச்.265, இன்னும் பாதியாகச் சுருக்கியது. ஆனால் உரிமம் வசூலிக்க ஒன்றல்ல, மூன்று அமைப்புகள் கிளம்பின. அவற்றில் சேராத உரிமையாளர்கள் வேறு. யாருக்கு எவ்வளவு கட்டினால் வழக்கு வராது என்று எவராலும் கூட்டிச் சொல்ல முடியவில்லை. பேராசை செய்த உபகாரம் என்று இதைச் சொல்லலாம்: நேற்றுவரை எதிரெதிரே நின்ற கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா, சிஸ்கோ, நெட்பிளிக்ஸ், அமேசான், இன்டெல் ஆகியவை 2015 செப்டம்பரில் ஒரே கூட்டணியாயின. உரிமத்தொகை இல்லாத கோடெக் ஒன்றைச் செய்வதே நோக்கம். 2018 மார்ச்சில் ஏ.வி.1 பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஆப்பிளும் அக்கூட்டணியில் பெயர் கொடுத்திருந்தது. தொடக்கத்தில் ஏ.வி.1-இல் ஒரு படத்தைச் சுருக்கி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும், அவ்வளவு மந்தம். நாளடைவில் அது சீராயிற்று. ஆப்பிளின் கைப்பேசியில் அதற்கான சில்லு இடம்பெற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாஷோ 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஆதரவின்றி விடப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு, படம் காட்டுவோர் கைக்கொள்ளும் முறை என்ன தெரியுமா? எச்.டி.எம்.எல். குறிச்சொல்லுக்குள் ஒரே படத்தின் பல வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கலாம். உலாவி மேலிருந்து படித்துக்கொண்டே வரும். தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். 1990-களில் பார்ப்பவரிடம் கேட்ட கேள்வியை இப்போது உலாவியிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் முதல் வரியில் ஏ.வி.1 படத்தையும் ஓபஸ் ஒலியையும் வைக்கிறார்கள். கடைசி வரியில் எச்.264-உம் ஏ.ஏ.சி.யும். பள்ளியில் பத்தாண்டுப் பழைய கணினி இருந்தாலும், அந்தக் கடைசி வரியில் படம் ஓடிவிடும்.